ராமபாணப் பூச்சியும் சுவர் ஓதமும்

பழைய புத்தகத்தைத் திறந்ததும் வெள்ளியாய் மின்னி ஓடும் ராமபாணப் பூச்சியை ஒழிக்க நாம் முதலில் தேடுவது அந்துருண்டையை. தேட வேண்டியது ஈரத்தை. காகிதத்திலும், பசையிலும், கஞ்சி போட்ட துணியிலும் உள்ள மாவுச்சத்துதான் அதன் உணவு என்றாலும், பல வாரம் பட்டினி கிடந்தும் அது பிழைத்துக்கொள்ளும். காற்று வறண்டால்தான் தளரும். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நன்றாகப் பெருகும். 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்த, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில், ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சுவரில் ஓதம் ஏறும்போது அதற்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. அந்துருண்டையின் ஆவியோ சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கடிக்காத, நோய் பரப்பாத ஒரு பூச்சிக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

தாம்பரத்துக் காற்றே ஈரமானதுதானே என்று கேட்கலாம். ஊர்க்காற்றை மாற்ற வேண்டியதில்லை. அலமாரிக்குப் பின்னால் தேங்கும் காற்று நகர்ந்தால் போதும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், குழாய்க் கசிவைச் சரிசெய்யுங்கள், வெயில் நாட்களில் கதவைத் திறந்து விடுங்கள். பூச்சி அரித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டைகளும் அழியும். குழந்தைகள் கைபடாத இடுக்குகளில் மட்டும் போரிக் அமிலப் பொடியைத் தூவலாம்.