ரயில் மாதிரியில் எந்தக் கார் நிற்கலாம்?

கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் மாணவர்கள் சிலர் சேரன்மகாதேவி ரயில் நிலையத்தை மாதிரியாகச் செய்தார்கள். இன்றைய நிலையத்தை அன்று, 1980-ஐ ஒட்டிய மீட்டர் பாதைக் காலத்து நிலையத்தை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை 1903-இல் முடிக்கப்பட்ட அந்த இருப்புப்பாதை 2012-இல் அகலப்பாதையாகிவிட்டது. ஆகவே பழைய நிலையத்தை இனி மாதிரியில்தான் காண முடியும். தண்டவாளம், பெட்டிகள், வயல், கன்னடியன் கால்வாய் எல்லாம் நன்றாகவே அமைந்தன. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் மட்டும், "எல்லாம் சரிதான் தம்பி, ஆனா பொம்மை மாதிரில்லா இருக்கு" என்றார். இரண்டு மாதம் உழைத்த பையன்களுக்கு முகம் வாடிவிட்டது.

குற்றம் நிலையத்தில் இல்லை. அதன் வாசலில் நிறுத்தியிருந்த காரிலும் பஸ்ஸிலும் இருந்தது.

மாணவர்கள் எடுத்துக்கொண்ட அளவு வீதம் 1:87. உலகெங்கும் ரயில் மாதிரி செய்வோர் 'எச்.ஓ.' என்று அழைப்பது இதைத்தான். 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தை 87-ஆல் பெருக்கினால் 1044 மி.மீ. வருகிறது, நமது மீட்டர் பாதைக்கு இது மிக நெருக்கம். சரி, கார்? கடையில் வாங்கிய கார் 7 செ.மீ. நீளம். 87-ஆல் பெருக்கினால் 6 மீட்டருக்கும் மேல்! உண்மையான அம்பாசடர் 4.3 மீட்டர்தான். பஸ்ஸோ ஏழரை செ.மீ.; அதாவது ஆறரை மீட்டர். நம் ஊர் பஸ்கள் 10 மீட்டருக்குக் குறைவதில்லை. கார் பூதமாகவும் பஸ் குள்ளமாகவும் ஆகிவிட்டன.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1953-இல் இங்கிலாந்தில் 'மேட்ச்பாக்ஸ்' பொம்மை வண்டிகள் வெளிவந்தபோது, காரானாலும் பஸ்ஸானாலும் தீப்பெட்டி போன்ற ஒரே வகைப் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதே கணக்காக இருந்தது. வண்டிக்கு ஏற்ற பெட்டி அன்று, பெட்டிக்கு ஏற்ற வண்டி! இன்றும் பல பொம்மைகள் இவ்வழியில்தான் பிறக்கின்றன. ஆகவே கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். 1:87-இல் அம்பாசடர் 5 செ.மீ., பஸ் சுமார் 12 செ.மீ., சராசரி மனிதன் 19 மி.மீ., சைக்கிள் சக்கரம் 8 மி.மீ. இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் போதாது. மாதிரியை நாம் 60 செ.மீ. தொலைவில் நின்று பார்க்கிறோம் என்று கொள்வோம். 87-ஆல் பெருக்குங்கள்: உண்மையான நிலையத்தை 52 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு இது சமம். நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 52 மீட்டரில் இது ஒன்றரை செ.மீ. ஆகும். கார்க் கதவின் இடுக்கு அதைவிடக் குறுகலானது. எனவே அது தனி இடைவெளியாகத் தெரியாது, மெல்லிய நிழலாக மங்கித் தோன்றும். பொம்மையிலோ திறந்து மூடும் கதவைச் சுற்றி அரை மி.மீ. இடுக்கு இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் 4 செ.மீ.க்கு மேல், கை விரல்களை நுழைத்துவிடலாம்! கதவு திறக்கும் காரைத்தான் பிள்ளைகள் விரும்பி வாங்குகிறார்கள். மாதிரிக்குத் திறவாத கதவே மேல்.

பளபளப்பும் இப்படித்தான். வானத்துச் சூரியன் அரைப் பாகை அகலமே உடையது. ஆகவே உண்மைக் காரின் கூரையில் ஒரு சிறு புள்ளியாக மின்னுகிறது. நம் அறையின் டியூப் லைட் பல பாகை நீளம்; பொம்மையின் மேல் வெள்ளைக் கோடாக விழுந்து குட்டை உடைத்துவிடும். மங்கலான வார்னிஷ் பூசலாம். அது கிடைக்காத எங்கள் மாணவர்கள் முகப்பவுடரைத் தூரிகையால் தடவினார்கள். செம்மண் சாலையில் வந்த கார் போலவே இருந்தது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-இல். 1980-இன் நிலைய வாசலில் இவை நிற்க முடியாது. அம்பாசடர், மாட்டு வண்டி, சைக்கிள், 'கட்டபொம்மன்' என்று எழுதிய பஸ் ஆகியவை நிற்கலாம். அம்பாசடர் கிடைக்காவிட்டால், அது எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மாதிரி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய வண்டிகளை எறிந்துவிட வேண்டாம். 1:160 அளவுள்ள கார் ஒன்றை மலையடிவாரச் சாலையில், மாதிரியின் பின்விளிம்பில் வைத்தோம். கண் அதைச் சிறிய கார் என்று எண்ணவில்லை. தூரத்தில் போகும் கார் என்றே எடுத்துக்கொண்டது. இரண்டடி ஆழமே உள்ள பலகையில் மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று விலகிப் போயிற்று. ஆனால் இந்தத் தந்திரம் ஒரு பக்கமிருந்து பார்க்கும் மாதிரிக்கே செல்லும். சுற்றி வந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பஸ் மட்டும் சரியான அளவில் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் திருமண அழைப்பிதழ் அட்டையை வெட்டி, 12 செ.மீ. நீளத்தில் மாணவர்களே ஒட்டிச் செய்தார்கள். கதவு திறக்காது.