200 மணி நேர நட்பு

கல்லூரி முடிந்து நாலைந்து வருடம் ஆனதும் பலர் வாயிலும் வருகிற புகார் ஒன்று உண்டு: "அவன் முன்ன மாதிரி இல்ல." வேலை கிடைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது, கல்யாணம் ஆனதும் போனை எடுப்பதில்லை, வெளிநாடு போனதும் ஆளே மாறிவிட்டான். எல்லாப் பழியும் நண்பனின் குணத்தின் மேல்தான் விழுகிறது. நட்பைப் பற்றிய ஆய்வுகளைப் பார்த்தால், குணத்துக்கு இதில் உள்ள பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. இடமும் நேரமும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படிக்கத் திரும்பிய, மணமான மாணவர்களுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் ஒரு குடியிருப்பு கட்டியது. அங்கே யாருக்கு யார் நெருக்கம் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் விசாரித்து, 1950இல் நூலாக வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் நண்பராகும் வாய்ப்பு நூற்றுக்கு 41. அதே மாடியின் மறுகோடியில் இருப்பவர் என்றால் வெறும் 10. மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகம். இறங்குகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்! நம்மூர்க் கல்லூரிகளில் இந்த வேலையை ரோல் நம்பர் செய்கிறது. பெயர் ஒரே எழுத்தில் தொடங்கியதால் லேபில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, உயிர்த்தோழர்கள் ஆனவர்கள் எத்தனை பேர்! கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் நட்பு உருவாவதற்கு ஒரு மணிக்கணக்கே போட்டார். அறிமுகம் சாதாரண நட்பாகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டுமாம். ஹாஸ்டலில் மெஸ் வரிசை, ராத்திரி டீக்கடை, அரியர் பேப்பருக்கு முந்தின இரவு என்று அந்த 200 மணி நேரம் சில வாரங்களிலேயே நிறைந்துவிடும். வேலைக்குப் போனபின் மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்திப்பவர்களுக்கு அதே கணக்கு எட்டு வருடத்தைத் தாண்டும். அலுவலகத்தில் புது நண்பர்கள் கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நேரம் மட்டும் குறைவதில்லை, பார்வையும் மாறுகிறது. ஓர் ஐரோப்பிய நாட்டின் சுமார் 30 லட்சம் பேரின் கைபேசி அழைப்புகளை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரையின்படி, நாம் பேசுகிற ஆட்களின் எண்ணிக்கை 25 வயதையொட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் இந்தச் சுருக்கத்தை இழப்பாகப் பார்ப்பதில்லை. காலம் நிறைய இருக்கிறது என்று தோன்றும்போது புதியவர்களைத் தேடுகிறோம். அது குறுகுவதாகத் தோன்றும்போது மனதுக்கு இதமான சிலரைப் பிடித்துக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். வயதானால் வரும் சோர்வுக்கு இப்படியொரு கௌரவமான பெயரா என்று கேட்கலாம். ஆனால் 1990களில், எச்.ஐ.வி. நோயின் அறிகுறிகள் தெரியத் தொடங்கிய இளம் வயதினரும் உறவுகளை முதியவர்கள் எடைபோடுவதுபோலவே எடைபோட்டார்கள். அவர்கள் உடலுக்கு வயதாகியிருக்கவில்லை. கையிலிருக்கும் காலம் பற்றிய கணக்குதான் மாறியிருந்தது.

கைபேசி இருக்கும்போது தூரம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தால் பதில் கிடைக்கும்: பிறந்தநாளன்று நாற்பது கேக் படங்கள், மற்ற நாளெல்லாம் ஃபார்வர்டுகள். பள்ளி முடித்துப் பிரிந்த மாணவர்களை 18 மாதம் பின்தொடர்ந்த ராபர்ட்ஸ், டன்பார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டது, பெண்களின் நட்புக்குப் பேச்சு கைகொடுத்தது. சேர்ந்து ஏதாவது செய்வதுதான் ஆண்களின் நட்பைக் காப்பாற்றியது. மேட்ச் ஆடிப் பழகியவனிடம் போனில் என்ன பேசுவது? சங்கப் புலவர் பிசிராந்தையாரைக் காட்டி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். நேரில் பார்த்தே இராத கோப்பெருஞ்சோழனுக்காக அவர் பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து, வடக்கிருந்து உயிர்விட்டார். பழகியே ஆக வேண்டும் என்பதில்லை, உணர்வு ஒத்தால் போதும் என்ற வள்ளுவர் கருத்துக்குப் பரிமேலழகர் காட்டும் உதாரணமும் இவர்கள்தான். சரி. ஆனால் முகம் பார்த்திராதவர் எங்கே வரப்போகிறார் என்று அரசனைச் சுற்றியிருந்தவர்களே சந்தேகப்பட்டதைப் புறநானூறு மறைக்கவில்லை. அன்றைக்கும் அது அதிசயமாக இருந்ததால்தான் பாட்டாயிற்று. எல்லா நட்புக்கும் அதை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

அப்படியானால் விட்டுப்போனது போனதுதானா? மூன்று வருடத்துக்கு மேல் தொடர்பு விட்டுப்போனவர்களிடம் யோசனை கேட்கும்படி சில நிர்வாகிகளைத் தூண்டிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அன்றாடம் பழகுகிறவர்கள் சொன்னதற்கு, தொடர்பு விட்டுப்போனவர்கள் தந்த யோசனை குறைந்ததாக இல்லை. நடுவில் இவர்கள் வேறு ஊர், வேறு வேலை என்று பார்த்துவிட்டார்கள். பழைய நம்பிக்கையோ அப்படியே இருந்தது. நம் தடை கூச்சம்தான். திடீரென்று கூப்பிட்டால், கைமாற்று கேட்கிறானா, பாலிசி பிடிக்க வருகிறானா என்று நினைப்பானே! 2022இல் வெளியான தொடர் சோதனைகளில், வலியத் தொடர்புகொண்டவர் கணித்ததைவிட மறுமுனையில் இருந்தவர் அதிகமாகவே மகிழ்ந்தார். கொஞ்சமும் எதிர்பாராத தொடர்பென்றால் அந்த வித்தியாசம் இன்னும் கூடியது.