அனல் நகரம் – 7: படத்தில் குளிரும் தகரக் கூரை

கத்திரி வெயில் நாளில், பொழுது சாய்ந்தபின் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். சூரியன் போயிருக்கும், சூடு போயிருக்காது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் விடிய விடியக் கக்கிக்கொண்டிருக்கும்.

இப்படிக் கக்கும் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே போகிறது. 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 9 செயற்கைக்கோள்கள் அதை அளக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் எட்டு நாளுக்கொரு படம். முன்னோடியான லேண்ட்சாட் 5 ஏவப்பட்டது 1984-ல். அன்றைய சென்னையையும் இன்றைய சென்னையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2008-லிருந்து எல்லாமே இலவசம். கல்லூரி மாணவர்கூட இறக்கிக்கொள்ளலாம்.

கோடைக்காலப் படத்தில் கிண்டிக் காடும் ஐஐடி வளாகமும் ஒரே குளிர்ந்த திட்டாகத் தெரியும். பள்ளிக்கரணையில் தண்ணீர் நிற்கும் இடமும் அப்படித்தான். ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான தியாகராய நகரோ தகிக்கும். மரமும் நீரும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தப் படத்தை மட்டும் நம்பி ஒரு நகரத்துக்குத் திட்டம் போடக் கூடாது என்பேன். லேண்ட்சாட் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணி வாக்கில். ஜனங்கள் தூக்கமில்லாமல் புரளும் இரவு அதில் இல்லை. அது அளப்பதும் தரையின், கூரையின் சூட்டைத்தான். நாம் மூச்சு விடும் காற்றின் சூட்டை அல்ல. ஒரு புள்ளி நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். குடிசைகளும் பக்கத்துப் பங்களாத் தோட்டமும் ஒரே எண்ணாகிவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது தகரக் கூரை. துத்தநாகம் பூசிய, துருப்பிடிக்காத தகடு தொட்டால் கை பொத்துப்போகும் அளவுக்குச் சுட்டாலும் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளியிடும். உலோகத்தின் குணம் அது. கணக்குப் போடுபவர் அதையும் சிமென்ட் தளம்போலவே எடுத்துக்கொண்டால், வரைபடத்தில் அந்தக் கூரை இருப்பதைவிடக் குளிர்ந்ததாகப் பதிவாகும். கீழே கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டிருக்கும் தாய்க்குத் தெரியும், அந்த வீடு அடுப்பு என்று. எங்கே மரம் நடுவது, எந்தக் கூரைக்கு வெள்ளை அடிப்பது என்று அந்த வரைபடத்தை வைத்து முடிவு செய்தால், முதலில் விடுபடுவது அந்த வீடுதான்.

2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட எக்கோஸ்ட்ரெஸ் கருவி நள்ளிரவிலும் படம் எடுக்கிறது. அது பெரிய உதவி. அதுவும் கூரையின் மேலேதான் பார்க்கும்.

வெப்பத் தணிப்புத் திட்டம் எழுதும் அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். செயற்கைக்கோள் படத்தோடு ஒரு தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு ஒரு தகரக் கூரையின் கீழே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். இடத் தேர்வுப் பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

(தொடரும்)