ஹைட்ரஜனும் அமோனியாவும் எரிபொருளாகுமா?

பயிருக்கு யூரியா இடும் குடியானவர் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, அமோனியாவோடு பழக்கமுள்ளவரே. அமோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்தே யூரியா செய்யப்படுகிறது. அந்த அமோனியாவையும், அதற்கு மூலமாகிய ஹைட்ரஜன் வாயுவையும் டீசலுக்கும் நிலக்கரிக்கும் பதிலாக எரிக்கலாம் என்ற பேச்சு இப்பொழுது எங்கும் கேட்கப்படுகிறது. இதன் உண்மையை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளுதல் நலம்.

ஹைட்ரஜன் எரியும்போது தண்ணீரே உண்டாகிறது. கரியமில வாயு உண்டாவதில்லை. ஆயினும், அது பூமியில் தனித்துக் கிடைப்பது அருமை. இன்று அதில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுகிறது. அப்பொழுது கரியமில வாயு ஏராளமாக வெளிப்படுகிறது. சூரிய ஒளியாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்திப் பிரித்தெடுப்பதே ‘பசுமை ஹைட்ரஜன்’ எனப்படும். 2030-ம் வருஷத்திற்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தி செய்வதென்று, 2023 ஜனவரியில் இந்திய அரசாங்கம் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது.

ஹைட்ரஜனைத் திரவமாக்கப் பூஜ்யத்திற்குக் கீழே 253 டிகிரி வரை குளிர்விக்கவேண்டும். அதனுடன் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்து அமோனியாவாக்கினால் 33 டிகிரி குளிரே போதும். ஆகையால் கப்பலிலேற்றித் தூரதேசம் அனுப்ப அமோனியாவே தகுந்தது. இதை எரிப்பதும் புதிதன்று. 1943-ல், யுத்தகாலத்தில் டீசல் கிடைக்காமையால், பெல்ஜியம் தேசத்தில் அமோனியாவையும் நிலக்கரி வாயுவையும் கொண்டு பஸ்கள் ஓட்டப்பட்டன. 2013-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையின் மாரிஸ் ஆராய்ச்சிப் பண்ணையில், காற்றாலை மின்சாரத்தால் அமோனியா செய்து காட்டினர்.

இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், இவ்விரண்டும் சக்தியைச் சேமித்துவைக்கும் குதிர்களேயன்றி, சக்தி விளையும் வயல்கள் அல்ல. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் செலவாகிறது. அதை எரித்தால் கிடைக்கும் சக்தியோ சுமார் 33 யூனிட்டுக்குச் சமானம். எஞ்சினில் இன்னும் ஒரு பகுதி வீணாகும். ஆதலால், கிணற்றில் மின்சார மோட்டார் வைத்திருப்பவர், சூரிய மின்சாரத்தை நேரே மோட்டாருக்குக் கொடுப்பதே லாபம். தண்ணீரை ஊற்றினால் எஞ்சின் ஓடும் என்று சொல்லி யந்திரம் விற்க வருவோரிடம் பணம் கொடுத்து ஏமாறலாகாது.

அமோனியாவில் அபாயமும் உண்டு. அதன் நெடி கண்ணையும் மூச்சையும் தாக்கும். மிகுந்தால் உயிருக்கே சேதம். அதைச் சரியாக எரிக்காவிட்டால் நைட்ரஜன் சம்பந்தமான தீய வாயுக்கள் புகையோடு வெளிப்படும். வழியில் அமோனியா லாரி கசிந்தால், கிராம அதிகாரிகள் ஜனங்களைக் காற்று வீசிவரும் திசைப்பக்கமாக, கசிவுக்கு விலகிச் சுற்றி அப்புறப்படுத்தி, உடனே தீயணைப்பு நிலையத்திற்குத் தெரிவிக்கவேண்டும். கண்ணில் பட்டவர்களுக்குச் சுத்தமான தண்ணீரால் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி, வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.

கப்பல்கள், இரும்பாலைகள், உரத்தொழிற்சாலைகள் ஆகிய இடங்களிலேயே இவற்றுக்கு முதலில் உபயோகம் ஏற்படும். குடியானவருக்கு இதனால் வரக்கூடிய நன்மை எஞ்சின் வழியாக அன்று, உரத்தின் வழியாகவே வரும். அந்நிய நாட்டு இயற்கை வாயுவை எதிர்பாராமல், நம் வெயிலாலும் காற்றாலும் அமோனியா செய்யக்கூடுமானால், கடல் கடந்த யுத்தங்களால் உரம் தட்டுப்படும் கஷ்டம் குறையும். அதுவரையில், யூரியாவை அளவறிந்து, மண் பரிசோதனைப்படி இடுவதே ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய சிக்கனமாகும்.