உஷார்! போகிக்குப் பரணிலிருந்து சிடி பிளேயரை இறக்குகிறவர்களுக்கு

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்து நின்றான். பத்தாவது படிக்கிறான். "மாமா, தாத்தாவோட சிடி பிளேயர் 'நோ டிஸ்க்'னு காட்டுது. மூடியைக் கழட்டிட்டேன். கரன்ட் போட்டா லென்ஸ் மேலயும் கீழயும் ஆடுது, ஆனா லைட்டே வரலை. கிட்ட குனிஞ்சுகூடப் பார்த்தேன்."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

லைட் வராமல் இல்லை. சிடி பிளேயரின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு அது ஏறக்குறைய இருட்டுதான். மிஞ்சிப்போனால் தூரத்துப் பீடிக் கங்கு மாதிரி மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். முகத்தில் டார்ச் அடித்தால் கால் விநாடியில் இமை தானாக மூடிக்கொள்கிறது. இந்த ஒளிக்கு இமை அசையாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. "எரியலையே, அப்போ ஒண்ணும் ஆகலை" என்ற கணக்கு இங்கே செல்லாது.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிளேயரில் லென்ஸைத் தாண்டி வருவது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. லென்ஸுக்கு மேலே ஓரிரு மில்லிமீட்டரில் குவிந்து, அதற்கப்புறம் விரிந்துபோகிறது. எட்ட நின்றவருக்குப் பெரிய ஆபத்தில்லை, கண்ணைக் கிட்டே கொண்டுபோகிறவருக்குத்தான் வம்பு. பெட்டிக்குப் பின்னால் 'கிளாஸ் 1' என்று ஒட்டியிருக்கிறதே, அது மூடிய பெட்டிக்குக் கொடுத்த சான்றிதழ். மேல்மூடி திறக்கும் செட்டுகளில், மூடியைத் தூக்கியதும் லேசரை நிறுத்த ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அதில் தீக்குச்சியைச் செருகி அழுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிற மகானுபாவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் டிவிடி ரைட்டரைப் பிரித்து, அதிலுள்ள லேசரை எடுத்துத் தீக்குச்சி பற்றவைக்கிற வீடியோக்களைப் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரைட்டர் என்பது டிஸ்க்கில் சுட்டு எழுதுகிற சாமான். அதன் லேசர் 100 மில்லிவாட்டைத் தாண்டும். கையில் பிடித்து விளையாடுகிற லேசர் பாயின்டருக்கு 5 மில்லிவாட்டே அதிகம். தீக்குச்சியைக் கொளுத்துகிற ஒளி, இமைக்கிற நேரத்துக்குள் விழித்திரையில் ஓட்டை போட்டுவிடும். எவர்சில்வர் டம்ளரில் பட்டுத் திரும்பினாலும் விடாது. வீட்டில் அப்படி ஒரு டிரைவ் கிடந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

சரி, 'நோ டிஸ்க்' என்றதும் எல்லோரும் "லென்ஸ் போச்சு" என்கிறார்கள். பாதி நேரம் லென்ஸ் மேல் பிசகே இருக்காது.

முதல் காரணம் குளிர். எங்கள் ஊர் பேரிகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் வாய் திறந்தால் புகை வருகிற ஊர். கோயில் மைக்செட்டுக்கு நாலரை மணிக்கு பிளேயரைப் போட்டால் பாடாது, எட்டு மணிக்குப் போட்டால் பாடும். சாமி குற்றமும் இல்லை, மெக்கானிக் குற்றமும் இல்லை. குளிர்ந்து கிடக்கிற லென்ஸில் மூச்சுக்காற்றும் அடுப்பங்கரை ஆவியும் பனித்துளியாகப் படிந்திருக்கும். டிஸ்க்கை எடுத்துவிட்டு, செட்டை ஆன் செய்து ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். அந்த ஒரு மணி நேரப் பொறுமை இல்லாமல் லென்ஸ் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று தூசி. நம் பக்கத்துத் தூசி வீட்டு ஒட்டடைத் தூசி அல்ல. பாகலூர் ரோட்டில் ஜல்லி லாரி போனால் ஜன்னல் கம்பியில் படிகிறதே, அது கிரானைட் மாவு. அதில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். சிடியின் பாலிகார்பனேட்டும் பிளேயரின் பிளாஸ்டிக் லென்ஸும் அதன் முன்னால் எம்மாத்திரம்? வேட்டி நுனியால் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். முதலில் ஊதுங்கள். வாயால் அல்ல, எச்சில் தெறிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் காற்றுப் பந்து போதும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் துடைப்பு. இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்கு வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைப் பஞ்சில் தொட்டு லென்ஸைத் துடைத்தேன். ஆல்கஹால்தானே என்ற நினைப்பு. கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் கலக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. ஆல்கஹால் பறந்துபோனது, கிளிசரின் பிசுபிசுவென்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதை எடுக்கிறேன் என்று அழுத்தித் தேய்த்ததில், லென்ஸைத் தாங்கும் மயிரிழைக் கம்பிகளில் ஒன்று கோணிவிட்டது. அந்த செட் அன்றோடு சரி.

செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. வைத்திருப்பார்கள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரே ஒரு சொட்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லென்ஸைத் தொட்டும் தொடாமலும் ஒரு வருடல். காய்ந்த பிறகுதான் கரன்ட். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் லென்ஸ் வெளுத்து மங்கிவிடும். தண்டவாளம் மாதிரி ஓடும் கம்பியில் கிரீஸ் இறுகிக்கிடந்தால் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று ஊற்றாதீர்கள். லென்ஸ் வரைக்கும் ஊர்ந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் அடங்கிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பவர் போர்டு எஸ்.எம்.பி.எஸ். வகையாக இருந்தால், அதன் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நேரம் தேங்கியே நிற்கும். அந்தப் பக்கம் விரலே போகக்கூடாது. லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன ப்ரீசெட் இருக்கும். அதைத் திருகினால் செத்த செட் பாடும் என்று சிலர் வித்தை காட்டுவார்கள். லேசருக்குக் கூடுதல் கரன்ட் போவதால் பாடுகிறது. கொஞ்ச நாளில் டயோடு மொத்தமாகப் படுத்துவிடும்.

டிஸ்க் விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகவே கவலைப்படுகிறார்கள். பளபளக்கும் அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் கனமான பாலிகார்பனேட், சின்னக் கீறலைத் தாங்கும். படம் அச்சடித்த மேல்பக்கம்தான் உயிர்நிலை. அந்த மை, மெல்லிய வார்னிஷ், அதற்கடியில் கண்ணுக்கே எட்டாத அலுமினியப் படலம், அவ்வளவுதான். கல்யாண சிடியின் மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதியிருந்தால் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். துடைப்பதும் வட்டமாக வேண்டாம், நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக இழுங்கள். குறுக்கே விழுந்த கீறலை, பாதையில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை, பிளேயரே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். பாதையோடு போகிற வட்டக் கீறலில் அதற்குப் பிடி கிடைக்காது.

பையனைக் கேட்டேன், "எந்த சிடிடா போட்டே?"

எடுத்து நீட்டினான். நூற்றைம்பது பாட்டு என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய எம்பி3 சிடி. தாத்தாவின் செட்டோ எம்பி3 என்ற பேரே கேள்விப்படாத காலத்தது, ஆடியோ சிடி மட்டும்தான் எடுக்கும். கடையில் வாங்கிய பழைய பக்திப் பாட்டு சிடி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டோம். கணீரென்று பாடியது. மூடியைத் திரும்ப மாட்டலாம் என்று பார்த்தால், கழற்றிய ஆறு ஸ்க்ரூவில் நாலுதான் இருக்கிறது.