ஐஸுக்கு அஞ்சும் ஊசி

பெரம்பலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஃப்ளூ ஊசி கேட்டால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். போட்டுவிட டாக்டர் வேண்டும். அந்த அரை மில்லி மருந்தில் உண்மையான சரக்கு 45 மைக்ரோகிராம் புரதம்தான். கிட்டத்தட்ட தூள் உப்பின் ஒரு துகள் எடை.

அந்தத் துகளை மூன்று வைரஸ்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: 'ஏ' வகையில் இரண்டு, 'பி' வகையில் ஒன்று. முன்பு 'பி'யில் யமகாட்டா என்ற இன்னொரு கிளையும் இருந்தது. கோவிட் ஊரடங்கு நம்மை வீட்டுக்குள் அடைத்த 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. நமக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம்!

வருடாவருடம் ஏன் புது ஊசி? ஃப்ளூ வைரஸின் மரபுச் செய்தியில் சுமார் 13,500 எழுத்துகள். அதைப் படியெடுக்கும்போது வைரஸ் பிழை பார்ப்பதே இல்லை. பிழைகள் சேரச் சேர அதன் முகம் மாறிப்போகும். கொரோனாவின் 30,000 எழுத்துகளுக்கோ பிழை திருத்த ஒரு நொதி (வேதிவினையை நடத்தித் தரும் புரதம்) உண்டு. அப்படியும் அது மாறியது என்பது வேறு கதை.

மாறும் முகத்தை முன்கூட்டியே கணிக்க உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. ஊசி தயாராக ஆறு மாதம் ஆகும் என்பதால்தான் இந்த அவசரம். பெரும்பாலான ஃப்ளூ மருந்து இன்னும் கோழிமுட்டைக்குள்தான் வளர்கிறது, ஒரு டோஸுக்கு ஏறக்குறைய ஓரிரு முட்டை. துறையூர் தாண்டி நாமக்கல் வரை போய் லாரி நிறைய முட்டை வாங்கி வந்தாலும் பலிக்காது. கரு வளரும் முட்டைதான் வேண்டும்.

ஃப்ளூவுக்கு வருடாவருடம் புது மருந்து என்றால், கோவிடுக்குப் பழையதே மறுபடி வந்தது. 2022 ஜனவரி 10 அன்று 'முன்னெச்சரிக்கை டோஸ்' என்ற பெயரில் கோவிட் பூஸ்டர் இந்தியாவில் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணை நோயுள்ள அறுபது வயது கடந்தவர்களுக்கு முதலில். பழைய மருந்தையே மறுபடி போட்டால் என்ன பயன் என்று அப்போது பலர் கேட்டார்கள். விடை அக்குளில் இருக்கிறது. அங்குள்ள நிணநீர் முடிச்சில், எதிரியை நினைவில் வைத்திருக்கும் செல்களில் சில, எதிர்ப்பொருளை எழுதும் தங்கள் மரபணுவைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன, வழக்கத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகத்தில். பல பிழைகள் வீண். வைரஸை இன்னும் இறுக்கமாகப் பற்றும் பிழை மட்டும் பெருக்கப்படுகிறது. வைரஸின் தந்திரத்தையே உடல் அதன்மேல் திருப்புகிறது.

இத்தனையும் நடக்க, மருந்து அரியலூர் வெயிலில் கெடாமல் வந்து சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிகளை வைக்கும் 'ஐஎல்ஆர்' என்ற ஃபிரிட்ஜ், மேலே திறக்கும் பெட்டி. கனமான குளிர்காற்று, மூடியைத் திறந்தாலும் உள்ளேயே தங்கிவிடும். சுவரைச் சுற்றி ஐஸ் இருப்பதால் நாளுக்கு எட்டு மணிநேரம் கரண்ட் வந்தாலே 2 முதல் 8 டிகிரியைக் காத்துவிடும்.

வெயிலைவிட இங்கே பயம் ஐஸைக் கண்டுதான். கோவாக்சின் போன்ற மருந்துகளில் அலுமினியச் சேர்மம் உண்டு. உறைந்தால் அது திரண்டுவிடும், உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் கிராம சுகாதார செவிலியர் ஐஸ் பேக்கை எடுத்தவுடனே தடுப்பூசி கேரியரில் வைப்பதில்லை. வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருப்பார். குப்பி உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறையவைத்து உருகவிட்ட இன்னொரு குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைப்பார்கள். இரண்டிலும் வண்டல் ஒரே வேகத்தில் இறங்கினால் மருந்து குப்பைக்குப் போகும்.