நானூறு வயதுச் சாமியார்

சித்திரக் கதைகளில் அடிக்கடி தோன்றும் கிழவர் ஒருவர் உண்டு. நீண்ட சடை, வெண்தாடி, கையில் தண்டம். வயது எத்தனை என்று எவரும் அறியார். அவர் கதாநாயகர் அல்லர். கதாநாயகனுக்கு வழி சொல்பவர். சொல்லும் வழியோ பாதி மெய், பாதி வஞ்சகம்.

இம் மாயக் கிழவரை நம் இல்லங்களுக்கு அழைத்து வந்தது 'அம்புலிமாமா'. 1947-இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கி, 1949-இல் கன்னடத்திலும் வந்த அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. ஆயினும் தோளில் பிணமும் கையில் வாளுமாய் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் தீட்டிய படத்தை மறந்தார் உண்டோ? மைசூரில் நம் பிள்ளைகள் தமிழிலும், அண்டை வீட்டார் கன்னடத்திலும் படித்தது ஒரே கதையைத்தான்.

அவ்வரசனை மயானத்துக்கு ஏவியவன் ஒரு சந்நியாசி. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அவன் பெயர் க்ஷாந்திசீலன். அவன் அரசனுக்கு நாள்தோறும் ஒரு கனி கொடுத்து வந்தான். ஒரு நாள் குரங்கொன்று கடித்த கனியிலிருந்து இரத்தினம் உதிர்ந்தது. ஒவ்வொரு கனியிலும் ஒரு மணி! அந்த நன்றிக்கடனே அரசனை வேதாளம் சுமக்க வைத்தது.

இத்தகையோர் கற்பனையில் மட்டுமே வாழ்பவர் என்று எண்ணற்க. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்துச் சுவடி ஒன்று, நம்மைப் போலவே காவிரியை எதிர்த்து மைசூருக்குக் குடிவந்தது. இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் அதனை ஆராய்ந்த சாம சாஸ்திரியார், அது கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் என 1905-இல் உலகுக்கு அறிவித்தார். 1909-இல் அச்சிலும் பதிப்பித்தார்.

பகையரசனைக் கோட்டைக்கு வெளியே இழுக்கும் உபாயம் ஒன்று அந்நூலின் பதின்மூன்றாம் அதிகரணத்தில் உண்டு. சடை தரித்த ஒற்றன் தனக்கு நானூறு வயது எனச் சொல்லிக்கொண்டு நகர்ப்புறத்தில் தங்குவான். சீடர்கள் கிழங்கும் கனியும் கொண்டுபோய் அமைச்சரையும் அரசனையும் அழைத்து வருவர். "நூறாண்டுக்கு ஒரு முறை தீயில் புகுந்து மீண்டும் இளமை பெறுவேன், இது நான்காம் முறை. மூன்று வரம் கேள், மனைவி மக்களோடு ஏழு இரவு இங்கே தங்கு" என்பான். தங்கிய அரசன் திரும்பான்.

இரண்டிடத்தும் முதலில் வருவது கனி. பின்பு வருவது வேண்டுகோள். உற்றார் பெரியோர் தொலைவில் இருக்க, அயலூரில் வாழும் குடும்பங்கள் இதனை நன்கு நினைவில் வைத்தல் வேண்டும். இரட்டிப்புப் பணம், வெளிநாட்டு வேலை, தோஷ நிவர்த்தி என்று கனி நீட்டும் கைகள் இன்றும் உள. குடும்பத்தையே பணயமாகக் கேட்பதும் அவற்றின் வழக்கமே.

விக்கிரமாதித்தன் எவ்வாறு தப்பினான்? அச்சமூட்டும் வேதாளம் உண்மையை உரைத்தது. அதன் சொற்படி, விழுந்து வணங்கச் சொன்ன சந்நியாசியிடம், "எனக்குத் தெரியாது, நீரே செய்து காட்டும்" என்றான் அரசன். செய்து காட்டக் குனிந்தவன் எழவில்லை.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இவ்விடத்தில் சற்று நிறுத்துங்கள். தாடியைக் கண்டு மயங்காமல், "முதலில் நீர் செய்து காட்டும்" என்று கேட்கும் துணிவு, அவர்களுக்கு எந்த ஊரிலும் துணை நிற்கும்.